அவள் ஏன் கத்தவில்லை, ஏன் தன்னையே திட்டிக்கொள்கிறாள்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும். உங்கள் தோழிக்கு 23 வயது. அவன் கல்லூரியில் சீனியர், நான்கு வருடமாக ‘அண்ணா’ என்று கூப்பிட்டுப் பழகியவன். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க அவன் அறைக்குப் போனாள். அங்கே அவன் அவளை வலுக்கட்டாயப்படுத்தினான். “வேணாம்ணா” என்று இரண்டு முறை சொன்னாள், அப்புறம் பேச்சே வரவில்லை. கத்தவில்லை, தள்ளவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். எல்லாம் முடிந்ததும் அவனே பைக்கில் கூட்டிவந்து பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். வீடு சேர்ந்ததும் ‘ரீச்டு’ என்று அவனுக்கு மெசேஜும் போட்டாள். எட்டு மாதம் கழித்து உங்களிடம் சொல்கிறாள்: “அதை என்னன்னு சொல்றதுன்னே தெரியலடி. நான்தானே போனேன்.” நீங்கள் அவளை நம்புகிறீர்கள். ஆனாலும் ‘ஏன் கத்தவில்லை’ என்ற கேள்வி உங்கள் மனதிலும் ஒரு நொடி வந்துபோனது. அதற்காகக் கூசுகிறீர்கள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்ததற்குப் பெயர் பாலியல் வன்கொடுமை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்குச் சந்தேகம் இருப்பதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. பதினாறு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். இப்படி வருகிறவர்களில் “எனக்கு அநியாயம் நடந்துவிட்டது” என்று தெளிவாகத் தொடங்குகிறவர்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்கள் “இதைச் சொல்லலாமா வேணாமான்னே தெரியல மேடம்” என்றுதான் உட்காருவார்கள். சிலர் முதல் அரை மணி நேரம் முழுக்கத் தங்கள் தவறுகளையே வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில்தான் அவன் செய்ததைச் சொல்வார்கள். அதனால் உங்கள் தோழியின் குழப்பத்தை ‘ஒருவேளை நடக்கவில்லையோ’ என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதிரி ஒன்று நடந்தால் மனசு இப்படித்தான் குழம்பும்.

முதலில் அந்தக் கத்தாத விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் இருவரையும் அரிப்பது அதுதான்.

ஆபத்து வந்தால் உடம்பு ஒன்று எதிர்த்து நிற்கும், இல்லையென்றால் ஓடும் என்று பள்ளிப் பாடம் மாதிரி நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: உறைந்துபோவது. பயம் ஒரு அளவைத் தாண்டி, தப்பிக்க வழியில்லை என்று மூளை கணக்குப் போட்டுவிட்டால், கை கால் அசையாது, குரல் எழும்பாது, சிலருக்கு வலிகூட உறைக்காது. உயிரியலில் இதை டானிக் இம்மொபிலிட்டி என்கிறார்கள். பருந்தின் பிடியில் சிக்கிய பறவையிடமும், பாம்பிடம் சிக்கிய சின்ன விலங்குகளிடமும் பார்க்கிற அதே செயல்தான். யோசித்து எடுக்கிற முடிவுக்கு இதில் இடமே இல்லை. யோசிக்கிற பகுதிக்கு வேலை போவதற்கு முன்பே, மூளையின் பழைய பகுதிகள் உடம்பைக் கையில் எடுத்துக்கொள்கின்றன.

ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கென்றே ஓர் அவசரச் சிகிச்சை மையம் இருக்கிறது. அங்கே சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் வந்த 298 பெண்களிடம் விசாரித்து, 2017ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 70 சதவீதம் பேருக்கு இந்த உறைநிலை குறிப்பிடத்தக்க அளவில் வந்திருந்தது. 48 சதவீதம் பேருக்கு மிகக் கடுமையாக. இன்னொன்றும் தெரிந்தது. உறைந்துபோனவர்களுக்குத்தான் ஆறு மாதம் கழித்து மன அதிர்ச்சிக் கோளாறும் கடும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன. இதை நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடும். யாருக்குப் பயம் அதிகமாக ஏறியதோ, யாருடைய உடம்பு மொத்தமாகக் கைவிட்டதோ, அவர்களைப் பார்த்துத்தான் ஊர் “நீ ஒண்ணும் பண்ணலையே” என்று கேட்கிறது. அவர்களும் தங்களையே அப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் இதைப் புரியவைக்க எனக்கு உதவுகிற ஒரு விஷயம் அமுக்குவான் பேய். தூக்கத்தில் விழிப்பு வந்துவிடும், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும், கத்த நினைப்போம், நாக்கு புரளாது, விரல்கூட அசையாது. அது நடக்கிற விதம் வேறு, தூக்கத்தோடு சேர்ந்தது. ஆனால் ‘மனசு கத்தச் சொல்லியும் உடம்பு கேட்கவில்லை’ என்றால் என்ன என்பதை அனுபவித்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களிடம் போய் “அப்போ நீ சம்மதிச்சுத்தானே படுத்திருந்த” என்று யாரும் கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஐம்பது வயதைத் தொட்ட ஓர் அம்மா வந்தார். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பத்தொன்பது வயதில், சொந்த வீட்டிலேயே, நெருங்கிய உறவினர் ஒருவரால் நடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய அம்மா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். “கத்தியிருந்தா கேட்டிருக்குமே மேடம். மிக்ஸி நின்னு நின்னுதான் ஓடுச்சு. நிக்கிறப்பவாச்சும் கத்தியிருக்கலாமே.” முப்பது வருடமாக அந்த இடைவெளிகளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த உறவினர் என்ன செய்தார் என்பதைவிட, தான் எந்த நொடியில் கத்தாமல் விட்டோம் என்பதே அவருக்கு நுணுக்கமாக நினைவிருந்தது. உடம்பு உறைவதைப் பற்றி நான் சொன்னபோது, “அப்படின்னா அது நோயா?” என்று கேட்டார். இல்லைம்மா, இமை மூடுவது மாதிரி என்றேன். தூசி வந்தால் இமை நம்மைக் கேட்டுவிட்டா மூடுகிறது?

சரி, அந்தக் காலண்டர். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். “மேலேர்ந்து என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு”, “எனக்கில்ல, வேற யாருக்கோ நடக்கிற மாதிரி” என்றெல்லாம் பலர் சொல்வார்கள். தாங்க முடியாததைத் தாங்குவதற்கு மனசு கொஞ்சம் விலகி நிற்பது அது. இதன் பின்விளைவு நினைவிலும் தெரியும். காலண்டரில் இருந்த சாமி படம், மின்விசிறியின் சத்தம் போன்றவை அச்சடித்தது போல நிற்கும். எது முன்னால், எது பின்னால், எவ்வளவு நேரம் என்பது கலைந்து கிடக்கும். அதனால் அவள் சொல்கிற வரிசை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறினால் பொய் சொல்கிறாளோ என்று நினைத்துவிடாதீர்கள். அவளும் தன் நினைவைப் பார்த்தே ‘நானே கற்பனை பண்ணிக்கிட்டேனோ’ என்று பயந்திருக்கக்கூடும்.

அடுத்து, ‘ரீச்டு’ என்ற அந்த ஒரு வார்த்தை. இந்த மாதிரி மெசேஜ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘ரீச்டு’, ‘தேங்க்ஸ்ணா’, ‘குட் நைட்’, ஒரு சிரிப்புப் பொம்மை. பிறகு அதைத் தாங்களே எடுத்துக் காட்டி, “இத பார்த்தா யாராச்சும் என்னை நம்புவாங்களா?” என்று கேட்பார்கள்.

அந்த இரவை அவள் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நான்கு வருடமாக நல்லவன் என்று நம்பிய ஆள். பத்து நிமிடத்துக்கு முன் அவன் செய்ததும், இப்போது ஹெல்மெட்டை நீட்டி “ஏறிக்கோ, கடைசி பஸ் போயிடும்” என்பதும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. பொருந்தாததை மூளை அப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, தெரிந்த பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வீடு சேர்ந்தால் மெசேஜ் போடுவது நான்கு வருடப் பழக்கம். அத்துடன் ஒரு பாதுகாப்புக் கணக்கும் உள்ளே ஓடும்: அவனைக் கோபப்படுத்தாமல், சந்தேகப்பட வைக்காமல், முதலில் பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும். நம் பெண்களுக்குச் சிறுவயதிலிருந்தே கற்றுக்கொடுக்கப்பட்ட வித்தை இது. பஸ்ஸில் ஒருவன் உரசினால் முறைக்காதே, நகர்ந்து நில். குடித்துவிட்டு வந்த மாமாவிடம் எதிர்த்துப் பேசாதே, சிரித்துச் சமாளி. இருபது வருடம் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் ஏன் சமாளித்தாய் என்று கேட்பது என்ன நியாயம்?

இன்னொரு காரணமும் உண்டு, இதைச் சொல்லவே பலர் கூச்சப்படுவார்கள். எல்லாம் வழக்கம் போல இருக்கிறது என்று காட்டிவிட்டால், அது நடக்காத மாதிரியே ஆகிவிடும் என்ற நப்பாசை. சிலர் அதே ஆளுடன் தொடர்ந்து பேசுவார்கள், சிலர் அவனைக் காதலனாகவே ஏற்றுக்கொள்ளப் பார்ப்பார்கள். காதல் என்று பெயர் வைத்துவிட்டால் நடந்ததற்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடும் அல்லவா? வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்காது. உள்ளே இருப்பவருக்கு அது உடைந்ததை ஒட்டவைக்கும் முயற்சி.

படித்தவர்களே இதைப் புரிந்துகொள்ளாத இடங்கள் உண்டு. 2020 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் உத்தரவில், நடந்த பிறகு களைப்பில் தூங்கிவிட்டேன் என்று பெண் சொன்னது இந்தியப் பெண்ணுக்கு ஏற்றதல்ல, நம் பெண்கள் அப்படி நடந்துகொள்வதில்லை என்ற பொருளில் எழுதியது. கண்டனம் எழுந்தபின் சில நாட்களிலேயே அந்த வரி நீக்கப்பட்டது. ஆனால் எழுதத் தோன்றியதே. இப்படி ஆனால் ஒரு பெண் இப்படித்தான் இருப்பாள் என்ற ஒரு படம் எல்லோர் மனதிலும் மாட்டியிருக்கிறது. அழவேண்டும், தலைவிரி கோலமாக ஓடிவர வேண்டும், உடனே யாரிடமாவது சொல்லவேண்டும். நிஜத்தில் தூங்குவார்கள், மறுநாள் காலை ஆபீஸ் போவார்கள், கல்யாண வீட்டில் போட்டோவுக்குச் சிரிப்பார்கள்.

அந்தப் படத்தோடு ஒத்துப்போகாததால்தான் உங்கள் தோழிக்கு ‘என்னன்னு சொல்றதுன்னே தெரியல’. நம் சினிமா எத்தனை தலைமுறையாக ஒரே காட்சியைக் காட்டியிருக்கிறது: இருட்டு, மழை, அறிமுகமில்லாத ரவுடி, கிழிந்த ஜாக்கெட், உடைந்த வளையல். அதற்கப்புறம் அவள் சாகவேண்டும், அல்லது ஊர் கூடி அவனையே கட்டிவைக்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சம், தெரிந்த அண்ணா, மேஜையில் பாதி குடித்த டீ என்றெல்லாம் யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளைப் பார்த்தால், பதிவான வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். அயலான் என்பதுதான் விதிவிலக்கு. பெயர் வைக்கத் தெரியாமல் தவிப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் மேரி காஸ் என்ற உளவியலாளர் 1987ல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், சட்டப்படி வன்புணர்வு என்று சொல்லத்தக்கது நடந்த பெண்களில் 27 சதவீதம் பேர்தான் அதை அந்தப் பெயரால் சொன்னார்கள்.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு சுமை இருக்கிறது, நம் சொற்களே. நான் படித்த காலத்தில் செய்தித்தாளில் ‘கற்பழிப்பு’ என்றுதான் போடுவார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அவன் செய்த வன்முறை அதில் எங்கேயும் இல்லை, அவளிடம் இருந்த ஒன்று அழிந்தது மட்டும்தான் இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘கெடுத்துட்டான்’, ‘கெட்டுப்போயிட்டா’. கெட்டது யார்? இப்போது பாலியல் வன்கொடுமை, வன்புணர்வு என்று எழுதுகிறோம், அது நல்ல மாற்றம். ஆனால் வீட்டுக்குள் பழைய சொற்கள்தான் நடமாடுகின்றன. ‘ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா’ என்று ஒரு பழமொழி. ‘முள்ளுல சேலை பட்டாலும் சேலையில முள்ளு பட்டாலும் சேலைக்குத்தான் சேதம்’ என்று இன்னொன்று. முதலாவது பழியை அவள் மேல் போடுகிறது. இரண்டாவது, அக்கறை மாதிரி ஒலித்துக்கொண்டே, முள்ளைப் பற்றிப் பேச்சே எடுக்காது. உங்கள் தோழி இவற்றை யார் யாரிடமிருந்தோ, வேறு யாரைப் பற்றியோ சொல்லக் கேட்டு வளர்ந்தவள். அன்றைக்கு இரவு அவற்றை அவளுக்குச் சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை.

இப்போது ‘நான்தானே போனேன்’ என்பதற்கு வருவோம். நேராகப் பார்த்தால் இது விசித்திரம். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். மனசுக்கு இதில் என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. ‘என் தப்பால் நடந்தது’ என்றால், தப்பைத் திருத்திக்கொண்டால் இனி நடக்காது. ‘நான் எதுவும் செய்யாமலே, நம்பிய ஒருவன் இப்படிச் செய்வான்’ என்றால், நாளைக்கு யாரை நம்பி எந்த அறைக்குள் நுழைவது? இரண்டில் முதலாவது வலித்தாலும், காலுக்குக் கீழே தரை இருக்கும். அதனால் மனசு குற்ற உணர்வை எடுத்துக்கொள்கிறது. ரானி ஜானோஃப்-புல்மன் என்ற உளவியலாளர் 1979ல் இதைப் பற்றி எழுதியபோது சுயபழியை இரண்டாகப் பிரித்தார். ‘அங்கே போயிருக்கக் கூடாது’ என்று நடத்தையைப் பழிப்பது ஒன்று, ‘நான் இப்படிப்பட்டவள், அதான் நடந்தது’ என்று தன் குணத்தையே பழிப்பது இன்னொன்று. முதல் வகை ஒருவிதத்தில் மீள உதவலாம் என்பது அவர் எண்ணம். பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதை ஆதரிக்கவில்லை, இரண்டுமே துன்பத்தைத்தான் கூட்டுகின்றன. என் அனுபவமும் அதுவே. முதல் வகை அங்கேயே நிற்பதும் இல்லை. ‘போயிருக்கக் கூடாது’ என்று தொடங்கி, ‘எனக்கு ஆள் பார்க்கத் தெரியாது’ என்றாகி, ஒரு வருடத்தில் ‘நான் அசிங்கம்’ என்பதில் வந்து நிற்கும்.

கூடவே பின்னறிவு செய்கிற சதி. இப்போது அவளுக்கு முடிவு தெரியும். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பினால், ஒவ்வொரு படியிலும் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது போலத் தோன்றும். கதவைச் சாத்தினான், அப்பவே கிளம்பியிருக்கணும். பக்கத்தில் உட்கார்ந்தான், அப்பவே தெரிஞ்சிருக்கணும். ஆனால் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனபோது அவள் கையில் இருந்த தகவல் என்ன? நான்கு வருடமாகத் தப்பாக ஒரு வார்த்தை பேசாத ஒருவன். அந்தத் தகவலை வைத்து யார் முடிவெடுத்தாலும் போயிருப்பார்கள். நீங்களும் போயிருப்பீர்கள். நானும்தான்.

இதற்குச் சிலர் “வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போனா திருடன் வரமாட்டானா” என்று உவமை சொல்வார்கள். எனக்குப் பிடிக்காத உவமை, பெண் வீடும் இல்லை பண்டமும் இல்லை. ஆனாலும் அதன் வழியிலேயே போய்ப் பார்த்தால்கூட, திறந்த வீட்டில் திருடியவனைத் திருடன் இல்லை என்று எந்தச் சட்டமும் விடுவதில்லை. அவள் அந்த அறைக்குப் போனது ஹார்ட் டிஸ்க்குக்குச் சம்மதம். அதற்கு மேல் எதற்கும் அது சம்மதம் ஆகாது. அதற்கு மேல் நடந்தது அவன் எடுத்த முடிவு.

ஒரு விஷயத்தை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், சொல்லவும் வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். வன்முறையின் நடுவிலும் சிலரின் உடம்பு கிளர்ச்சியடைவதுண்டு, சிலருக்கு உச்சம்கூட நேரும். 2004ல் வந்த ஒரு மருத்துவ மீளாய்வு, இப்படி நேர்வது சம்மதத்தைக் காட்டாது என்பதைத் தெளிவாகவே சொன்னது. வெங்காயம் நறுக்கினால் வருகிற கண்ணீரில் சோகம் இருக்கிறதா? ஆண்களையும் சிறுவர்களையும் வாயடைக்க வைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். ‘என் உடம்பே ஒத்துக்கிட்டுச்சே’ என்று இருபது, முப்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்த ஆண்கள் எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சட்டமும் துணைக்கு இல்லை. 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வயதுவந்த ஆணுக்கு நேரும் வன்புணர்வுக்கு என்று ஒரு பிரிவே கிடையாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் ஆண், பெண் யாராக இருந்தாலும் 2012ன் போக்சோ சட்டம் காக்கும். இந்த ஓட்டை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் தோழியின் கேள்விகளுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் முக்கியம், ஏனென்றால் ‘கத்தாவிட்டால் சம்மதம்’ என்பதை ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே சொன்னது. 1972ல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமிக்கு நடந்த கொடுமை அது. பயத்தில் செயலற்றுப் பணிந்துபோவது சம்மதம் ஆகாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சரியாகவே பிடித்திருந்தது. 1978ல் உச்ச நீதிமன்றம் உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்பதையெல்லாம் எடுத்துக்காட்டி இரண்டு காவலர்களையும் விடுவித்தது. அடுத்த வருடம் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983ல் சட்டம் திருந்தியது. 2013 திருத்தத்தில் இன்னும் தெளிவாக எழுதினார்கள்: சம்மதம் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தன் விருப்பத்தால் தருவது, உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது. இன்றைய சன்ஹிதாவின் 63வது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. இதை அவளிடம் காட்டுங்கள். புகார் கொடுக்கச் சொல்வதற்காக இல்லை. அவள் தன் மேல் நடத்திக்கொண்டிருக்கும் விசாரணையில் சட்டமே ஒதுக்கிவிட்ட கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிவதற்காக.

சட்டம் மாறினாலும் அலுவலகங்கள் மெதுவாகத்தான் மாறுகின்றன. 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவிக்கு நடந்த கொடுமையில், முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அது எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவரைப் பழிப்பதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இதையெல்லாம் செய்தியில் பார்க்கிற, இன்னும் யாரிடமும் சொல்லாத ஒரு பெண் என்ன முடிவுக்கு வருவாள் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்வது? அவள் சொன்னதும் “உன் மேல தப்பே இல்ல” என்று அடித்துச் சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஒரு முறை, நிதானமாக. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி வாதாடினால், அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஏனென்றால் அவள் மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. அந்தப் பட்டியலைக் கேளுங்கள். “எந்த இடத்துல உன் தப்புன்னு தோணுது?” என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதை மறுக்காமல் முழுக்கக் கேளுங்கள். அப்புறம் “அந்த நேரத்துல உனக்கு என்ன தெரியும்?” என்று மட்டும் கேளுங்கள். அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான், அவர்கள் முறைப்படி, பல அமர்வுகளாகச் செய்வார்கள். சுயபழி தளர்வது தன் கதையைத் தன் வாயால் இன்னொருவரிடம் சொல்லி, தானே அதைக் கேட்கும்போதுதான். நான் பார்த்தவரை, அடுத்தவர் தரும் தீர்ப்பால் அது தளர்வதில்லை.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். ஏன் போன, ஏன் சொல்லல, ஏன் இவ்வளவு நாள். நீங்கள் தகவலுக்காகக் கேட்டாலும் அவள் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். முதலில் கேட்கிறவர் எப்படி எதிர்வினை காட்டுகிறார் என்பது பிறகு வரும் மீட்சியைப் பெரிதும் பாதிக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அவளுக்கு அந்த முதல் ஆள் நீங்கள்.

முடிவுகளை அவளிடமே விடுங்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். அன்றைக்கு அவளிடமிருந்து பறிக்கப்பட்டதே அவள் முடிவுதான். நல்லெண்ணத்தோடு நீங்கள் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாலோ, அவனிடம் போய்ச் சண்டை போட்டாலோ, மறுபடியும் அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையில் ஒன்று நடந்ததாகிவிடும். நடந்ததைத் தடுத்திருக்க முடியுமா என்று பின்னாலேயே பார்ப்பவர்களுக்குத் துயரம் கூடுகிறது, இன்று என் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குக் குறைகிறது என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம். சின்ன முடிவுகளில் தொடங்கலாம். அவன் எண்ணை பிளாக் செய்வதா வேண்டாமா, யாரிடம் சொல்வது, எந்த வழியாக ஆபீஸ் போவது.

புகாரைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். எட்டு மாதம் ஆனதால் கதவு மூடிவிடவில்லை, வன்புணர்வுப் புகாருக்குக் காலவரம்பு கிடையாது. எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. அவள் பெயரை வெளியிடுவது குற்றம். அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும். உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்க்க முன்பு செய்துவந்த இரு விரல் பரிசோதனையை இனி யார் செய்தாலும் அது ஒழுங்கீனம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ‘ரீச்டு’ மெசேஜை வெட்கப்பட்டு அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்று அவள் அங்கே போய்வந்தாள் என்பதற்கும் நேரத்துக்கும் அதுவே சான்று. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நடந்து மூன்று நாள்கூட ஆகவில்லை என்றால், புகார் கொடுக்கிறோமோ இல்லையோ, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் ஹெச்ஐவி தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரக் கணக்கு உண்டு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும், போக்சோ அப்படித்தான் சொல்கிறது.

அவள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கவனியுங்கள். ‘நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்’ என்கிற மாதிரி ஏதாவது பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள், நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். 181 பெண்கள் உதவி எண், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் சகி மையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்கள் வழிகாட்டுவார்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

கடைசியாக, உங்கள் மனதில் வந்துபோன அந்தக் கேள்விக்கு. அதற்காகக் கூச வேண்டாம், அவளுக்குள் எந்தப் பழமொழிகள் போனதோ அவையே உங்களுக்குள்ளும் போயிருக்கின்றன. அவளிடம் அதை ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. என்றைக்காவது அவளே “நான் ஏன்டி கத்தல?” என்று கேட்பாள். அப்போது “கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும்” என்றும் சொல்லாதீர்கள், “விடு, மறந்துடு” என்றும் சொல்லாதீர்கள். “ரெண்டு தடவ வேணாம்னு சொன்னியே, அது அவனுக்குக் கேட்டுச்சு” என்று சொல்லுங்கள்.